மஞ்சள் கருவில் பெயர் எழுத முடியாது

தூத்துக்குடிக்கு நான் கடல் பார்க்கப் போகவில்லை. கடல் எங்கள் சிங்கப்பூரிலும் வேண்டிய மட்டும் இருக்கிறது. நான் போனது தர்மம் பார்க்க. அதுவும் சும்மா பார்த்துவிட்டு வர முடியாது, போட்டோ எடுத்துக்கொண்டு வர வேண்டும்.

எங்கள் சங்கம் சிறியது. தூத்துக்குடி, திருச்செந்தூர்ப் பக்கத்திலிருந்து கப்பலேறியவர்களும் அவர்கள் பிள்ளைகளும் ஞாயிற்றுக்கிழமை ஒரு மளிகைக் கடையின் மாடியில் கூடுவோம், சண்டை போடுவோம், டீ குடித்துவிட்டுக் கலைவோம். ஊரில் சிறுதொழில் செய்கிறவர்களுக்குக் கைகொடுப்பது எங்கள் திட்டம். அடுப்பு கட்டவோ வண்டி வாங்கவோ உதவுவோம். அதைத் திருப்பிக் கேட்க மாட்டோம். தொழில் நிமிர்ந்ததும் அவர்கள் தங்களால் ஆனதைத் தர்மத்துக்குக் கொடுக்க வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை. கொடுத்தவருக்கு இரண்டாவது உதவி உண்டு. கொடுக்காதவருடன் எங்கள் உறவு அத்தோடு முடிந்தது.

திட்டம் வெற்றிதானா என்று எப்படித் தெரிந்துகொள்வது? இதைப் பற்றித்தான் அதிகமாகச் சண்டை நடந்தது. கடைசியில் தலைவர் ஒரு வழி சொன்னார். கொடுத்த பொருளில் 'உபயம்' என்று போட்டுப் பெயர் எழுதியிருக்க வேண்டும். அதை ஒருவர் நேரில் போய்ப் போட்டோ எடுத்து வர வேண்டும். வாய்ச்சொல் செல்லாது. ஊரிலுள்ளவர்களுக்கும் இப்படித்தான் பார்க்கப்போகிறோம் என்று தகவல் போய்விட்டது. நான் ஓர் ஆஸ்பத்திரியில் சாமான் கிடங்கைப் பார்த்துக்கொள்கிறவள். கல்யாணமாகாதவள், லீவு மிச்சம் வைத்திருப்பவள். எல்லோரும் என்னையே பார்த்தார்கள்.

எழுபதுகளின் நடுப்பகுதி அது. புதுத் துறைமுகம் திறந்து அதிக நாள் ஆகவில்லை. ஊரில் யாரைப் பார்த்தாலும் முதலில் அதைத்தான் சொன்னார்கள். நான் இறங்கிய அன்று ஆனிக் காற்று தெருவில் இருந்த மணலையெல்லாம் வாரி என் வாயில் போட்டது. லாட்ஜில் கொடுத்த தேநீரில் உப்புக் கரித்தது. பையனைக் கூப்பிட்டுக் கேட்டேன். "இங்கன தண்ணியே அப்படித்தான்க்கா, ரெண்டு நாள்ல பழகிரும்" என்றான். இரண்டாம் நாள் பழகிவிட்டது. அதன்பிறகு சிங்கப்பூரில் குடித்த தேநீர் சப்பென்று இருந்தது என்றால் என் தங்கை நம்ப மறுக்கிறாள்.

முதல் நாள் மில்லர்புரம். சைக்கிள் ரிக்‌ஷாவில் போனேன். வழியில் சங்கிலி கழன்றுகொண்டே இருந்தது. ஒவ்வொரு தடவையும் ரிக்‌ஷாக்காரர் இறங்கி, சங்கிலியை மாட்டி, கையைச் சட்டையில் துடைத்துவிட்டு, "புதுச் செயினு, அதான்" என்றார். சங்கிலி என் வயதுக்கு மூத்ததாகத் தெரிந்தது.

கிரேஸ் தங்கத்தின் பேக்கரியை விலாசம் கேட்காமலே கண்டுபிடிக்கலாம். முந்திரியும் சர்க்கரையும் வேகிற வாசனை தெருமுனையிலேயே வந்து வரவேற்றது. அவள் செய்வது தூத்துக்குடி மக்ரூன். முட்டையின் வெள்ளைக் கருவை நுரை நுரையாக அடித்து, முந்திரிப் பொடியும் சர்க்கரையும் சேர்த்து, கோபுரம் மாதிரி சின்னச் சின்னதாகப் பிழிந்து, விறகடுப்பின் இளஞ்சூட்டில் காயவைப்பது. வாயில் போட்டதும் நொறுங்கிற்று, உடனே காணாமலும் போயிற்று. அந்த அடுப்பு எங்கள் சங்கம் கட்டிக்கொடுத்தது. எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

கிரேஸுக்கு நாற்பது வயதிருக்கும். நாசரேத்துப் பக்கம் வாத்தியார் வீட்டுப் பெண். பேச்சில் வேகம், நடையில் அதைவிட வேகம். ஆனால் வலது கையைத் தோளுக்கு மேல் தூக்க முடியவில்லை.

"வெள்ளக்கரு அடிச்சு அடிச்சு தோள்ப்பட்ட போச்சுக்கா. வீட்டுக்காரவ ஆபீஸ் போறதுக்கு முன்னால கொஞ்சம் அடிச்சித் தாராவ. அவங்களுக்கும் இப்ப கை நடுங்குது. ஆபீசுல கையெழுத்துப் போட்டா மேனேஜரு, 'யோவ், குடிச்சிருக்கியா?'ன்னு கேக்காராம்."

அவளுக்கு வேண்டியது கரண்டில் ஓடுகிற முட்டை அடிக்கும் மெஷின். எங்களுடைய இரண்டாவது உதவியாக அதைத்தான் கேட்டிருந்தாள். அது வராவிட்டால் தீபாவளியோடு கடையை மூடவேண்டியதுதான் என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். சொல்லும்போது சிரித்தாள். அடுப்புப் பக்கம் திரும்பியபோது சிரிப்பு இல்லை.

"தர்மம்?" என்றேன். வந்த வேலையைக் கேட்டுத்தானே ஆக வேண்டும்.

"செஞ்சாச்சுக்கா! காசநோய் ஆஸ்பத்திரிக்குப் பெரிய கடிகாரம் வாங்கிக் குடுத்திருக்கேன். பேரு நல்லா பெருசா எழுதச் சொல்லிட்டேன். நாளன்னைக்குக் கூட்டிட்டுப் போறேன், படம் பிடிச்சிக்கிடுங்க."

மேசைக்கு அடியில் ஒரு பெரிய அலுமினியப் பாத்திரம் இருந்தது. மூடியைத் தூக்கிப் பார்த்தேன். உள்ளே மஞ்சள் கருக்கள், உடையாமல், ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கிடந்தன. கிடங்குக்காரிக்கு மிச்சம் எங்கே போகிறது என்று தெரிந்தாக வேண்டும்.

"அது காயல்பட்டணத்துக்குப் போகுது. விக்கேன்" என்று சொல்லி, என் தட்டில் இன்னும் நாலு மக்ரூன் வைத்தாள்.

மறுநாள் நானும் காயல்பட்டணம் போனேன். பாதி வழியில் பஸ் பெருமூச்சு விட்டு நின்றது. முன்னாலிருந்து ஆவி கிளம்பியது. கண்டக்டர் தண்ணீருக்கு அலைந்தார். ஒரு அம்மா மடியில் குடத்தை வைத்திருந்தார். கண்டக்டர் பார்த்ததுமே முந்தானையால் குடத்தின் வாயை மூடிக்கொண்டார்.

"மனுசனுக்கே குடிக்கத் தண்ணி இல்ல. ஒம் பஸ்ஸுக்கு நல்ல தண்ணி கேக்குதோ?"

பின்சீட்டுக்காரர் ஒருவர் தன் கலயத்தை நீட்டி, "பதனி இருக்கு, ஊத்துதியளா?" என்றார்.

டிரைவர் திரும்பினார். "ஊத்தும்வே, ஊத்தும்! இஞ்சினு கருப்பட்டியாப் போவும், எல்லாரும் ஆளுக்கொரு துண்டு உடைச்சிட்டு வீட்டுக்கு நடப்போம்."

பஸ்ஸே சிரித்தது. சிங்கப்பூரில் பஸ் நின்றால் எல்லோரும் கடிகாரத்தைப் பார்ப்போம், யாரும் யாருடனும் பேச மாட்டோம். இங்கே பஸ் தானாக ஆறுகிறவரை எனக்கு ஒரு டம்ளர் பதனி கிடைத்தது. பக்கத்து சீட்டுப் பெண்ணின் கல்யாணப் பேச்சு முறிந்த கதையும் கிடைத்தது.

காயல்பட்டணத்தில் நான் பார்க்க வேண்டியவர் மொகுதூம் காக்கா. காக்கா என்றால் அங்கே அண்ணன். வீட்டில் பெண்கள் செய்கிற பலகாரங்களை வெளியூர்களுக்கு அனுப்புகிற தொழில் அவருக்கு. பலகாரம் கொண்டுபோகிற மூன்று சக்கர வண்டி எங்கள் உதவி. பெண்கள் மட்டும் போகிற சந்து வழியாக என்னை உள்கட்டுக்கு அழைத்துப்போனார்கள். காக்கா வாசற்படிக்கு அந்தப் பக்கம் நாற்காலி போட்டு உட்கார்ந்து பேசினார்.

"சாப்பிட்டீங்களாம்மா?"

சாப்பிட்டேன் என்றேன். அதை யாரும் காதில் வாங்கவில்லை. இறால் வைத்துச் சுட்ட, வாடா என்கிற வடை வந்தது, கறிக் கஞ்சி வந்தது, கடைசியில் தம்மடை வந்தது. தம்மடை என்பது ரவையும் முட்டையும் தேங்காய்ப்பாலும் சேர்த்துச் சுடுகிற பணியாரம். நான் அவ்வளவு மஞ்சளாக ஒரு பண்டத்தைப் பார்த்ததில்லை.

"ஒரு மாசமாத்தான் இந்த நிறம்" என்றார் காக்காவின் மனைவி. "தூத்துக்குடியில மக்ரூன் போடுற கிரேஸம்மா மஞ்சக்கருவ வெலைக்குத் தாராங்க. முன்னால எத்தனையோ தடவ கேட்டு ஆளனுப்புனோம், இல்லைன்னுட்டாங்க. இப்ப அவங்களாவே சொல்லி விட்டாங்க."

நான் இன்னொரு துண்டு எடுத்துக்கொண்டேன். பிறகு காமிராவை மடியில் வைத்துக்கொண்டு, தர்மம் பற்றி ஆரம்பித்தேன். காக்கா சிரித்தார்.

"குடுத்தேனான்னு கேக்குறீங்க. குடுத்தேன்னு சொன்னா, குடுத்தது போச்சும்மா. நான் அதச் சொல்ல மாட்டேன். என் பேர அடிச்சிடுங்க."

"உங்களுக்கு இரண்டாவது உதவி கிடைக்காதே?"

"மவன் துபாய்க்குப் போயிருக்கான். அல்ஹம்துலில்லாஹ், ஓடும். இன்னும் கொஞ்சம் தம்மடை வைக்கச் சொல்லவா?"

திரும்பி வரும்போது எனக்கு அவர்மேல் எரிச்சலாக இருந்தது. ஒரு வார்த்தை சொன்னால் என்ன குறைந்துவிடும்? இவ்வளவு தூரம் வந்தவளுக்கு ஒரு பெஞ்சையாவது காட்டக்கூடாதா? ஆனால் வயிறு நிரம்பியிருக்கும்போது எரிச்சல் வெகுநேரம் நிற்பதில்லை. ஆத்தூர்ப் பாலம் தாண்டுவதற்குள் தூங்கிவிட்டேன்.

மூன்றாம் நாள் கிரேஸ் பட்டுச்சேலை கட்டிக்கொண்டு வந்தாள். போட்டோ அல்லவா! ஆஸ்பத்திரி ஊருக்கு வெளியே, உப்பளங்களைத் தொட்டாற்போல் இருந்தது. ஓட்டுக் கட்டடம், நீளமான ஒரே வார்டு, வெளியே காயப்போட்ட போர்வைகள். ஸ்டெல்லா என்ற சிஸ்டர் எங்களை உள்ளே அழைத்துப்போனார்.

உள்ளே போனதும் டிக் டிக் என்று நாலா பக்கமும் கேட்டது. சுவரெல்லாம் கடிகாரங்கள். வட்டம், சதுரம், எட்டு மூலை, ஊஞ்சல் ஆடுவது, குருவி இருந்து பறந்துபோனது. ஒவ்வொன்றின் கண்ணாடியிலும் சிவப்புப் பெயிண்டில் உபயம், உபயம், உபயம். பெயரும் தொழிலும் ஊரும் எழுதியதுபோக எங்கேயாவது முள் தெரிந்தால் மணி பார்க்கலாம். ஆனால் ஒன்று காட்டிய மணியை இன்னொன்று காட்டவில்லை.

"ஏன் எல்லோரும் கடிகாரமாகவே கொடுக்கிறார்கள்?" என்றேன்.

"பெஞ்சுல எழுதுனா ஆளு உக்காந்து அழிஞ்சிருதுல்லா" என்றார் சிஸ்டர். "இது ஒசரத்துல இருக்கும், யாரும் தொட மாட்டாவ. பேரு அப்படியே நிக்கும்."

கிரேஸின் கடிகாரம் நடுவில் இருந்தது. புத்தம் புதிது. அவள் அதன் கீழே போய் நின்று சேலையைச் சரிசெய்துகொண்டாள். நான் காமிராவைக் கண்ணில் வைத்தேன். அப்போது கடைசிக் கட்டிலில் இருந்த ஒரு பெண் மெதுவாக எழுந்து உட்கார்ந்தாள்.

"சிஸ்டரு, மஞ்சக்கரு அம்மால்லா வந்திருக்காவ! இன்னைக்குக் கரு உண்டா?"

வார்டு முழுக்க ஒரு சலசலப்பு. படுத்திருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். நான் காமிராவை இறக்கினேன்.

சிஸ்டர்தான் சொன்னார். கிரேஸ் அடுப்பு கட்டிய நாளிலிருந்து தினமும் காலையில் ஒரு பாத்திரம் நிறைய மஞ்சள் கரு வருமாம். கொதிக்கிற பாலில் அடித்துக் கலக்கி ஆளுக்கொரு டம்ளர் கொடுப்பார்களாம். மருந்து சர்க்கார் கொடுக்கிறது. அந்த மருந்தைத் தாங்க உடம்பில் சத்து வேண்டுமே, அதற்குத்தான் இது. பாலை யாரோ காயல்பட்டணத்துப் பக்கமிருந்து ஏற்பாடு செய்திருக்கிறார்கள், யாரென்று பால்காரர் சொல்வதில்லை. இந்த ஒரு மாதமாகப் பால் மட்டும் வருகிறது, கரு வரவில்லை.

"நாங்க என்னத்தக் கேக்கது, சும்மா குடுத்துக்கிட்டு இருந்தாவ" என்றார் சிஸ்டர். குரலில் குறை இல்லை. அதுதான் கேட்க முடியாமல் இருந்தது.

கட்டிலில் இருந்தவள் பெயர் மாரியம்மாள். உப்பளத்தில் வேலை பார்த்தவள். மணிக்கட்டு என் இரண்டு விரலுக்குள் அடங்கும். அவளுக்குப் பேச்சுக் கொடுக்க வேண்டுமே என்று, புதுக் கடிகாரம் நன்றாக இருக்கிறதா என்று கேட்டுவைத்தேன்.

"இருக்குது தாயி. எனக்கு மணி பாத்து என்ன ஆவப்போகுது? மாத்திரை வந்தா காலம்பற, கொசு வந்தா சாயங்காலம்."

நேற்றுத் தின்ற தம்மடை எனக்கு நினைவுக்கு வந்தது. மாரியம்மாளின் டம்ளரில் இருக்க வேண்டியதைத்தான் நான் இரண்டாவது துண்டும் எடுத்துத் தின்றிருக்கிறேன். போட்டோ எடுக்காமல் வெளியே வந்தேன். கிரேஸ் பின்னாலேயே ஓடிவந்தாள்.

"அக்கா, படம் பிடிக்கலையே?"

"கருவை விற்று அந்தக் கடிகாரத்தை வாங்கினாயா?"

"ஆமா."

"ஏன் கிரேஸ்? நீ செய்துகொண்டிருந்ததே பெரிய தர்மமாயிற்றே!"

அவளுக்கு முகம் சிவந்துவிட்டது. பட்டுச்சேலையோடு போர்வைகளுக்கு நடுவில் நின்று சத்தம் போட்டாள்.

"அது தர்மமாக்கா? அது கழிவு! மக்ரூனுக்கு ஆகாதுன்னு நான் ஒதுக்குனது. ஒதுக்குனதக் கொண்டுபோயி, ஆண்டவரே இது ஒமக்குன்னு சொல்லவா? எங்கப்பா காணிக்க போடணும்னா புது நோட்டா மாத்தி, இஸ்திரி போட்டு எடுத்துட்டுப் போவாவ. பழைய சேலையக்கூட எங்க வீட்டுல தர்மம்னு சொல்ல மாட்டோம். வேணும்னுதான் புதுசா வாங்கிக் குடுத்தேன்."

"ஆனால் இவர்களுக்கு..."

"பேரு எழுதணும், படம் பிடிக்கணும்னு நீங்கதான சொல்லிவிட்டீங்க? மஞ்சக்கருவுல நான் எங்கன எழுத?"

எங்கள் சங்கத்து மாடியும், தலைவரின் டீயும், நாங்கள் கைதட்டி அந்த வழியை ஒப்புக்கொண்டதும் கண்முன் வந்து நின்றன. கோபம் வந்தது. யார்மேல் கோபப்படுவது என்று தெரியாததால் அழுகையும் வந்தது. என்னைப் பார்த்து அவளும் அழுதாள். உப்பளத்துக் காற்றில் கண்ணீர் காய அதிக நேரம் ஆகவில்லை.

"மாரியம்மா கேட்டதும் அவ முகத்தப் பாக்க முடியலக்கா" என்றாள், சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு. "ஒரு மாசமா நான் இந்தப் பக்கமே வரல. கடிகாரத்தக்கூட ஆள்ட்டதான் குடுத்தனுப்புனேன். வந்தா கேப்பாவன்னு தெரியும்."

"கருவை மறுபடி கொண்டுவா. கடிகாரம் கணக்கில் வராது, நான் அதை எழுத மாட்டேன். கருவைப் பற்றி எழுதுகிறேன்."

"படம் இல்லாம மெஷின் தருவாவளா?"

"தெரியாது" என்றேன். பொய் சொல்ல மனம் வரவில்லை.

அவள் தோளைப் பிடித்துவிட்டுக்கொண்டே யோசித்தாள். உள்ளேயிருந்து இருமல் சத்தம் வந்துகொண்டிருந்தது. "சரி. மெஷின் எனக்கு வேணும், வேண்டாம்னு சொல்லமாட்டேன். நீங்க எப்படிச் சொல்லுவியளோ சொல்லுங்க. கரு நாளைக்கு வரும். காக்கா வீட்டுக்கு நான் ஆளனுப்பிக்கிடுதேன்."

நான்காம் நாள் காலையில் நானும் போனேன். பால் கொதிக்கும்போது சிஸ்டர் கருக்களை ஊற்றி மத்தால் கடைந்தார். பால் மெல்ல மெல்லச் சாமந்திப்பூ நிறத்துக்கு வந்தது. மாரியம்மாள் டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, நிறுத்தாமல் குடித்தாள். மேலுதட்டில் மஞ்சளாக ஒரு கோடு. "இப்பந்தான் விடிஞ்சாப்ல இருக்கு" என்றாள். அப்போது ஒரு போட்டோ எடுத்தேன். அதில் எங்கேயும் யார் பெயரும் இல்லை. கிரேஸ் அன்றைக்குப் பழைய சேலையில்தான் வந்திருந்தாள். போட்டோவுக்குள் வரமாட்டேன் என்று ஒதுங்கிப் போய் நின்றுகொண்டாள்.

கிளம்பும்போது சிஸ்டர் ஸ்டெல்லா என்னைத் தனியாக அழைத்து, "ஒண்ணு கேட்டா தப்பா நெனக்க மாட்டியளே? இந்தக் கடிகாரத்துல ஒண்ணயாவது எடுத்துட்டுப் போறியளா? சத்தத்துல நோயாளிக தூங்க மாட்டேங்காவ" என்றார். கிரேஸ் உடனே ஸ்டூலைப் போட்டு ஏறி, இடது கையால் தன்னுடையதைக் கழற்றி என்னிடம் தந்துவிட்டாள். கடைக்காரர் திரும்ப எடுத்துக்கொள்ள மாட்டார், பெயர் எழுதியாயிற்றே.

சிங்கப்பூர்ச் சுங்க அதிகாரி ஒரு சீனர். பெட்டியைத் திறந்ததும் கடிகாரத்தைத் தூக்கி, கண்ணாடியில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார். கொடுத்தவர் பெயர் என்றேன். "அப்படியென்றால் மணி எங்கே?" என்றார். நியாயமான கேள்வி.

அந்த ஞாயிறு கூட்டத்தில் ஒரே போட்டோவை மேசையில் வைத்தேன். கடிகாரத்தைச் சுவரில் மாட்டினேன். நடந்ததைச் சொன்னேன். மொகுதூம் காக்காவைப் பற்றிக் கேட்டபோது, காயல்பட்டணத்துப் பக்கமிருந்து வருகிற பாலை நினைத்துக்கொண்டு, "பார்த்தேன், போட்டோ இல்லை, பெயரை அடிக்க வேண்டாம்" என்றேன். தலைவர் போட்டோவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம்கூடப் பார்த்தார்.

"இதில் பெயர் எங்கே இருக்கிறது?"

"அந்த வார்டில் கிரேஸ் தங்கம் என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. மஞ்சக்கரு அம்மா என்று கேட்டால் எல்லாக் கட்டிலும் திரும்பிப் பார்க்கிறது. இதற்குமேல் என்ன அத்தாட்சி வேண்டும்?"

வழக்கம்போல் சண்டை நடந்தது. டீ ஆறிப்போனது. கடைசியில் மெஷின் கொடுப்பது என்று முடிவாயிற்று. ஆனால் தலைவரும் லேசுப்பட்டவர் அல்ல. மெஷினில் 'உபயம்' என்று போட்டு எங்கள் சங்கத்தின் பெயரை எழுத வேண்டும், அதன் போட்டோவை அனுப்ப வேண்டும் என்று சேர்த்துவிட்டார்.

போட்டோ வரவே இல்லை. மறு வருஷம் ஊருக்குப் போன எங்கள் உறுப்பினர் ஒருவரிடம், மெஷினைக் கட்டாயம் பார்த்து வரச் சொல்லியிருந்தோம். கூட்டத்தில் அவர் எழுந்து நின்று சொன்னார். கடை நடக்கிறது, தீபாவளிக்கு மூடவில்லை. இப்போது முட்டை அதிகமாக உடைகிறது, ஆஸ்பத்திரிக்கு இரண்டு பாத்திரம் போகிறது. மாரியம்மாள் எழுந்து நடக்கிறாள், பாத்திரத்தை வாங்க அவளே வாசலுக்கு வருகிறாள். மெஷினில் மட்டும் பெயரைக் காணோம். கிரேஸ் சுரண்டி எடுத்துவிட்டாளாம்.

"சுரண்டிவிட்டாளா?" என்றார் தலைவர்.

"ஏன் என்று கேட்டேன். மெஷின் ஓடுகிற வேகத்தில் பெயிண்ட் உதிர்ந்து வெள்ளைக் கருவில் விழுகிறதாம். 'பேரு விழுந்தா நொர வராது அண்ணாச்சி. பேரு வேணும்னா, நான் குடுத்த கடிகாரம் அங்கதான இருக்கு, அதுல எம் பேருக்குக் கீழ எழுதிக்கிடச் சொல்லுங்க' என்றாள்."

எல்லோரும் சுவரைப் பார்த்தோம். உபயம், கிரேஸ் தங்கம், மக்ரூன் கடை, தூத்துக்குடி. கீழே நிறைய இடம் இருந்தது.